இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு

"எழுது. ஐயா, நீங்கள் கேட்டிருக்கும் இசைத்தட்டு இப்போது உலகத்தில் எங்கேயும் கிடையாது."

சமையலறையில் இருந்தவர்கள் மூன்று பேர். ஜன்னலோரத்தில், கண்புரை ஆபரேஷன் செய்த கண்ணில் கட்டோடு, கடிதத்துக்கு வாசகம் சொல்லிக்கொண்டிருந்த ஹெனாரோ. எதிரே, காகிதமும் பேனாவுமாக அவர் மனைவி நெரெய்டா. அடுப்புக்குப் பக்கத்தில், கவிழ்த்துப்போட்ட பால் பெட்டியின் மேல் அவளுடைய அண்ணன் ரதாமேஸ். மீதி இருந்த ஒரே நாற்காலியில் அந்த இசைத்தட்டுகள் நாற்பது அடுக்கியிருந்தன.

"அப்ப என் நாற்காலில உக்காந்திருக்கிறது யாரு மச்சான்?" என்றார் ரதாமேஸ்.

நெரெய்டா நிமிரவில்லை. "நாற்காலி மட்டுமா? என் துணி அலமாரியைத் திறந்து பாரு. ஆறு வருஷமா என் கோட்டு குளியலறைக் கதவுலதான் தொங்குது."

ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ரதாமேஸின் இசைக்குழு வெளியிட்ட ஒரே மாம்போ நடன இசைத்தட்டு அது. முந்நூறு பிரதி போட்டார்கள். பஸ் ஓட்டுவதிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல், ஹெனாரோ பிராங்க்ஸிலும் புரூக்ளினிலும் ஒரு பழைய சாமான் கடை விடாமல் ஏறி இறங்கினார். கிழிந்த கோட்டுகளுக்கும் உடைந்த விளக்குகளுக்கும் நடுவே மண்டிபோட்டுத் தேடி, அதை மட்டும் வாங்கி வருவார். விருந்துக்குக் கொண்டுபோனபோது தொலையாமல் இருக்க, 'இது பிளாங்காவுடையது, திருப்பிக் கொடு' என்று யாரோ பேனாவால் கிறுக்கிய உறையையும் விடமாட்டார். இதுவரை இருநூற்று எழுபத்தொன்று. ஒன்றைக்கூட அவர் போட்டுக் கேட்டதில்லை.

காரணம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். இரண்டாம் பக்கம் மூன்றாவது பாட்டில், அந்தக் குழுவில் ஹெனாரோ வாசித்த போங்கோ என்ற இரட்டை மேளம் தாளம் தப்பி, நாலு அடி தள்ளித்தான் திரும்ப வந்து சேரும். பாடுகிறவன் சுருதி விட்டால் அவர்கள் தெருவில் மன்னிப்பார்கள். தாளம் விட்டவனை மன்னிக்கமாட்டார்கள். அதன்பிறகு அவர் போங்கோவைத் தொடவில்லை. இன்னொரு காதில் அது விழக்கூடாது என்றுதான் இத்தனை தேடலும். இப்போது லண்டனில் ஒரு கம்பெனி அதே தட்டை மறுபடி வெளியிடப் போகிறதாம், நல்ல பிரதி ஒன்று அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தது.

ரதாமேஸ் விடாமல் வாதாடினார். தனக்கு எழுபத்தாறு வயதாகிறது, தன் பெயர் அச்சானதைப் பேரன்கள் ஒரு தடவையாவது பார்க்கட்டும், அந்த நாலு அடியைக் கம்பெனிக்காரர்களே மெஷினில் போட்டுச் சரிசெய்துவிடுவார்கள் என்றார்.

"முதல்ல தெரு முழுக்கப் போய்ச் சொன்னதே நீதான்," என்றார் ஹெனாரோ.

"சரி, அவ்வளவு நல்லா வாசிச்சுட்டிருந்த ஆளு திடீர்னு ஏன் தாளத்தை விட்டே? அதையாவது சொல்லு."

"கை வழுக்கிடுச்சு."

"போன வருஷம் கேட்டப்ப கண்ணுல தூசின்னே."

நெரெய்டா பேனாவால் மேஜையைத் தட்டினாள். "அம்பது வருஷமா இதே சண்டை. கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப்போச்சு. நீ மேல சொல்லு, நான் போய் அரிசி வைக்கணும்."

தட்டு இல்லை, இனிமேல் கேட்டு எழுத வேண்டாம், இப்படிக்கு ஹெனாரோ. அவ்வளவுதான் அவர் சொன்னது. அவளோ ஒரு பக்கம் நிறைய எழுதினாள். அந்த வீட்டில் இங்கிலீஷ் கடிதமெல்லாம் அவள் பொறுப்பு.

"நான் இவ்வளவு நீளமாவா சொன்னேன்?"

"மரியாதைக்கு நாலு வார்த்தை சேக்க வேண்டாமா? இங்க போடு கையெழுத்து."

அவள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில், பார்வை மங்கிய மற்றொரு கண்ணை நம்பி அவர் கையெழுத்துப் போட்டார்.

தெருமுனைத் தபால் பெட்டியருகில் நின்று நெரெய்டா கடிதத்தை ஒருமுறை படித்துப் பார்த்தாள்.

'ஐயா, இதை எழுதுவது அவருடைய மனைவி. நல்ல பிரதி ஒன்று தனிப் பார்சலில் வருகிறது. கீழே இருக்கும் கையெழுத்தை அவருடைய சம்மதமாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பக்கம் மூன்றாவது பாட்டில் போங்கோ தாளம் தப்பும். அதை மட்டும் தயவுசெய்து சரிசெய்துவிடாதீர்கள். என் அண்ணனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு, இவர் வாசித்துக்கொண்டிருந்த ஒலிப்பதிவு அறையின் கதவை நான் முதல்முதலாகத் திறந்தது பாட்டின் அந்த இடத்தில்தான்.'

உறையை ஒட்டிப் பெட்டிக்குள் போட்டாள்.