மூன்றரை மணிக் கட்டு

“மேடம், உங்க நர்ஸம்மா கிரிக்கெட் பார்க்கணுங்கிறதுக்காக எம் புருசனுக்குக் கட்டு மாத்தாமப் போட்டு வச்சிருக்காக. இது நியாயமா?”

சனிக்கிழமை மத்தியானம் மூன்றேகால். மேட்ரன் இசபெல்லின் அறைக்குள் கேட்காமல் கொள்ளாமல் வந்து நின்றாள் கற்பகவல்லி.

“எந்த நர்ஸு?”

“பெர்சிஸு. காலையில ஒம்பதுக்கு மாத்த வேண்டிய கட்டு. இன்னைக்கும் நாளைக்கும் மூணரைக்குத்தானாம். ஏன்னு கேட்டா, ‘மூணரைக்குத்தான் அக்கா மேட்ச் ஆரம்பிக்குது’ங்காக. கூசாமச் சொல்றாக மேடம்!”

கற்பகவல்லியின் கணவன், ஏழாம் பெட் தனுஷ்கோடிக்கு வலது கை வெந்திருந்தது. விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு யூனிட்டில் வெடிமருந்து பற்றிக்கொண்டதில் வந்த வினை. தினமும் கட்டு மாற்றினால்தான் விரல்கள் தேறும், இல்லாவிட்டால் எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

“நேத்து கட்டுப் பிரிக்கையில அவுக கத்துன கத்து வாசல் வரைக்கும் கேட்டுச்சு. ‘விரல் போனாப் போகுது, இனிமே யாரும் தொடக் கூடாது’ன்னு தட்டைத் தட்டி விட்டுட்டாக. அவுகளை நாலு வார்த்தை சொல்லிச் சமாதானம் பண்ணாம, இந்தம்மாவுக்கு வெளாட்டு கேக்குது!”

இசபெல் எழுந்தார். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். அரை டிகிரி காய்ச்சலைக்கூடக் கூட்டிக் குறைத்து எழுதாதவர். பொய் என்றால் அவருக்கு ஆகாது. சாக்குச் சொன்னால் அதைவிட ஆகாது.

நர்ஸ்கள் மேஜையில் பெர்சிஸ் தட்டில் மருந்தும் துணியும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு.

சனி 3.30, ஏழாம் பெட். சனி 7.30, நாலாம் பெட். ஞாயிறு 3.30, ஏழாம் பெட். ஞாயிறு 7.30, நாலாம் பெட். சனி 3.30-க்குப் பக்கத்தில் மட்டும் ‘சென்னை!!’ என்று எழுதி மஞ்சளில் வட்டம்.

“அட்டவணையே போட்டுட்டியா?”

“டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் மேடம் நேரத்தை மாத்தினேன்.”

“டாக்டரும் உன் ரசிகர் மன்றத்துல சேர்ந்துட்டாரா? திங்கக்கிழமையிலருந்து ‘ரெண்டு நாள், நாலு மேட்ச்’னு வார்டெல்லாம் தண்டோரா போட்டுக்கிட்டுத் திரிஞ்சியே, எனக்குக் காது இல்லையா? சனி, ஞாயிறு லீவை ஸ்வீட்டிக்குத் தூக்கிக் கொடுத்துட்டு டூட்டியைக் கேட்டு வாங்கியிருக்க. வீட்டுல மாமியார் சீரியல் பார்ப்பாக. இங்கன பெரிய டி.வி., கேக்க ஆளில்ல. அப்படித்தானே?”

“மேடம், எனக்குக் கிரிக்கெட் பைத்தியம்தான். இல்லைங்கல. ஆனா...”

“ஆனாவை மெமோவுக்குப் பதில்ல எழுது. போ, போய்க் கட்டை மாத்து. டி.வி. ஓடக் கூடாது.”

“ஓடணும் மேடம்” என்று சொல்லிவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தாள் பெர்சிஸ்.

எம்புட்டுத் திமிர்!

ஆனாலும் கண்ணால் பார்க்காமல் இசபெல் எதையும் எழுத மாட்டார். தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு, கால் மணி நேரம் கழித்து வார்டுக்குப் போனார். பின்னாலேயே கற்பகவல்லி.

டி.வி. ஓடிக்கொண்டுதான் இருந்தது. சத்தம் இல்லை. வார்டில் சத்தம் வைக்கக் கூடாது என்பது இசபெல்லே போட்ட சட்டம்.

பெர்சிஸ் டி.வி.க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கண் தனுஷ்கோடியின் கையை விட்டு நகரவில்லை. புண்ணோடு ஒட்டிப்போன துணியை உப்புத் தண்ணீர் விட்டு விட்டு, கொஞ்சங் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லுங்க அண்ணாச்சி. நான் திரும்ப முடியாது. நீங்க சொன்னாத்தான் எனக்கு மேட்ச்சு.”

“ஓடியாரான்... போட்டான்... ஸ்ஸ்... யம்மா... தட்டி விட்டான் தாயி. ஒரு ரன்னு.”

“ஒண்ணுதானா? நல்லாப் பார்த்துச் சொல்லுங்க.”

“ஒண்ணேதான். இரு தாயி, விளம்பரம் போட்டுட்டான்.”

பெர்சிஸின் கை நின்றது. அவன் மூச்சு வாங்கிக்கொண்டான்.

“ம்... வந்துட்டான்.”

கை மறுபடி நகர்ந்தது.

“இன்னைக்கு மட்டும் சென்னை தோத்துச்சுன்னா எனக்குச் சோறு எறங்காது அண்ணாச்சி. ஒரு வாரமா இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்.”

“அதெல்லாம் தோக்காது. நான் பாத்துக்கிடுறேன், நீ வேலையைப் பாரு.”

கற்பகவல்லி இசபெல்லின் காதருகே கிசுகிசுத்தாள். “இன்னைக்கு அவுக கத்தலையே மேடம்... டி.வி.யவே பார்த்துக்கிட்டு இருக்காக.”

பெர்சிஸுக்குக் கேட்டுவிட்டது. “யாரு, மேடமா? இன்னும் ரெண்டு விரல்தான் மேடம். முடிச்சுட்டு மெமோ வாங்கிக்கிடுறேன். இப்ப அணைச்சிராதீக.”

இசபெல் கட்டிலின் கால்மாட்டில் போய் நின்றார்.

“சொல்லுங்க அண்ணாச்சி, என்ன ஆச்சு?”

இசபெல் டி.வி.யை ஏறிட்டுப் பார்த்தார். ஸ்டம்பு சிதறிக் கிடந்தது. சென்னையின் மஞ்சள் சட்டைக்காரன் மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தலையைத் தொங்கப் போட்டபடி வெளியே நடந்தான். கிரிக்கெட் தெரியாத இசபெல்லுக்கே அது புரிந்தது.

தனுஷ்கோடியும் அதைத்தான் பார்த்தான். வலியில் கண் இரண்டும் நிறைந்து நின்றன. இசபெல்லைப் பார்த்து, சொல்லிவிடாதீர்கள் என்பதுபோலத் தலையை மெல்ல ஆட்டினான்.

“சிக்ஸு தாயி! ஆளுக தலைக்கு மேல பறந்து போகுது!”

கடைசித் துணியும் பெர்சிஸின் கையோடு வந்தது. அவன் கத்தவில்லை.

“நெசமாவா! மேடம், நீங்களும் பார்த்தீகளா? சிக்ஸா?”

இசபெல் பேனாவை மூடினார்.

“ஆமா பெர்சிஸ். சிக்ஸ்தான்.”