பத்தாவது வாதையை மொழிபெயர்த்தவன்

மேடையேறுகிற நேரத்தில்தான் போதகர் என் காதருகே குனிந்து, இன்று பேசப்போகிற பொருளை மாற்றிவிட்டதாகச் சொன்னார். எகிப்தின் மேல் ஆண்டவர் அனுப்பிய பத்தாவது வாதை. தலைப்பிள்ளைகளின் சாவு.

என் கண் சனங்களுக்குள் ஓடியது.

மூன்றாவது வரிசையில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். மகனை அடக்கம் செய்தபிறகு அவள் சபைக்குள் கால் வைப்பது இன்றுதான். எங்களுக்கு அவன் தலைப்பிள்ளை, ஒரே பிள்ளையும்கூட. காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை. ஒரு தடவை வா, வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போ என்று கெஞ்சிக் கூத்தாடி நான்தான் அவளை வரச்சொன்னேன். கடைசியில் எனக்கும் முன்பாகவே கிளம்பி வந்திருந்தாள்.

இன்றைக்குப் பார்த்தா இந்த வாதை வரவேண்டும்?

வெளியிலிருந்து வந்த போதகர் தன் மொழியில் ஒரு வாக்கியம் பேசுவார், நான் அதைத் தமிழில் சொல்வேன். எங்கள் சபையில் அந்த மொழி தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். மகனும் அதைப் பள்ளியில் படித்தான், நல்ல மதிப்பெண் வாங்குவான். அப்பன் புத்தி என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்வேன்.

இந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. அவர் குரலை உயர்த்தினால் நானும் உயர்த்தவேண்டும். அவர் விரலை நீட்டினால் நானும் நீட்டவேண்டும். அவர் நாலு வார்த்தை பேசி நான் நாற்பது பேசினால் சனங்கள் நெளிய ஆரம்பித்துவிடுவார்கள்.

காலையில் ஒரு தாய் தன்னிடம் வந்து, அடிமை சனங்களைப் போகவிடாமல் எகிப்து ராஜா பார்வோன் செய்த தப்புக்குப் பிள்ளைகள் ஏன் சாகவேண்டும் என்று கேட்டதாக ஆரம்பித்தார் போதகர். அதனால்தான் இந்தப் பொருள் என்றார்.

அப்படியே சொன்னேன். மனசுக்குள் அந்தத் தாயைத் திட்டினேன். கேட்பதற்கு வேறு கேள்வியா கிடைக்கவில்லை அந்த அம்மாளுக்கு?

முதல் ஒன்பது வாதைகளையும் அவர் வேகமாகக் கடந்தார். தண்ணீர் இரத்தமானது, தவளை, பேன், கல்மழை, இருள். ஒவ்வொன்றும் எகிப்தியர் கும்பிட்ட ஒரு தெய்வத்தின் மேல் வந்த நியாயத்தீர்ப்பு என்றார். தவளைகளால் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை.

பிறகு ஆட்டுக்குட்டியின் இரத்தம். அதை வாசல் நிலைக்காலில் பூசிய வீடுகளை மரணம் கடந்துபோனது, அந்த இரத்தம் கிறிஸ்துவின் இரத்தத்துக்கு முன்னடையாளம். அதுவும் சரி. நூறு தடவை மொழிபெயர்த்ததுதான்.

அதன்பின் மேடை விளிம்புக்கு வந்து விரலை நீட்டினார். தலைப்பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் பெற்றவர்களைத்தான் கேட்கவேண்டும், உங்கள் நிலைக்காலில் இரத்தம் இருந்ததா என்று.

சொல்லிவிட்டு எனக்காக நின்றார்.

பழக்கதோஷம், என் விரல் பாதி எழுந்துவிட்டது. மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. போதகரையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலை மடக்கிக்கொண்டேன்.

அந்தப் பிள்ளைகள் ஒரு தப்பும் செய்யவில்லை என்றேன். பெற்றவர்களும் செய்யவில்லை என்றேன்.

கேட்காத இருதயத்துக்குக் கடைசியில் மிஞ்சுவது அழுகைதான் என்றார் அவர்.

அன்று இரவு சாவில்லாத வீடு எகிப்தில் இல்லை என்றேன் நான். ஆண்டவர் எந்த வீட்டையும் விட்டுப் போகவில்லை. ஒவ்வொரு வாசலிலும் உட்கார்ந்து, பெற்றவளோடு சேர்ந்து அவரும் அழுதார்.

எங்கிருந்து வந்ததோ, எனக்கே தெரியாது. போதகர் வாயில் நானாக வைத்த வார்த்தை. பயமாகவும் இருந்தது, அதைவிட ஆறுதலாகவும் இருந்தது. அவள் எழுந்து போகவில்லை, எனக்கு அது போதும்.

முன்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். தன் பேச்சுத்தான் வேலை செய்கிறது என்று போதகர் இன்னும் உற்சாகமானார்.

ஜெபம் முடிந்ததும் அவர் வாசலில் நின்று எல்லோருக்கும் கைகொடுத்தார். என் மனைவி வந்தபோது அவர் முகம் மலர்ந்தது. காலையில் கேள்வி கேட்ட தாய் இவர்தான் என்று என்னிடம் காட்டினார்.

அவள் அவரிடம் பேசினாள். அவருடைய மொழியில், மெதுவாக, பாடம் ஒப்பிக்கிற பிள்ளையைப்போல. பதில் சொன்னதற்கு நன்றி, ஆனால் அந்தப் பதிலைத் தன்னால் ஏற்க முடியவில்லை என்றாள்.

காலையில் அந்தத் தாய்க்கு யார் மொழிபெயர்த்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் மேடை மேடையாகப் போய்க்கொண்டிருந்த மாலைகளில், மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பாடத்தைக் கூடவே படித்தது யார் என்றும் நான் கேட்டதில்லை.

படியிறங்கும்போது அவள் என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அவர் சொன்னதும் புரிஞ்சுது, நீங்க சொன்னதும் புரிஞ்சுது. இத்தனை நாள்ல இதை வீட்டுல ஒரு தடவை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"