நாலே செகண்டு

"ஐயே, எழுந்திரும்மா! பார்க்கவே அசிங்கமா இருக்கு" என்று மூக்கைச் சுளித்தார் மேனேஜர்.

மேசைக்கு அடியில், டேட்டாபேஸ் மெஷினை ஒட்டி, தூசிக்கும் காய்ந்த பிஸ்கட் துணுக்குகளுக்கும் நடுவே தவழ்ந்துகொண்டிருந்தாள் சீனியர் புரோகிராமர். "பேனா விழுந்துடுச்சு சார்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பேனா உங்க கொண்டையிலதான் இருக்கு, ஆமை அக்கா!" என்றான் மேனேஜர் அசைந்தாலே தலையாட்டும் ஜால்ரா. அறையே சிரித்தது.

ஆமைப் பட்டம் வந்தது அவள் எழுதிய டிரைவரால். மென்பொருளில் அடிக்கும் விவரத்தை டேட்டாபேஸில் கொண்டுபோய்ச் சேர்ப்பது டிரைவரின் வேலை. அவளுடையது ஒவ்வொன்றும் சேர்ந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்ததை அனுப்பும். பத்தாயிரம் நோயாளிகளின் விவரத்துக்குச் சற்றுமுன் நாற்பத்தோரு செகண்டு எடுத்திருந்தது.

அடுத்தது, மேனேஜர் வெளியே வாங்கிய டிரைவர். விற்றவன் அவருடைய மச்சான் என்பது ஆபீஸ் முழுக்கத் தெரியும். கேட்கத்தான் ஒருத்தருக்கும் துப்பில்லை. இந்தப் போட்டியில் ஜெயிப்பது நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகும். எந்த நோயாளிக்கு எந்த ஊசி ஆகாது என்பதை டாக்டர்கள் அதை நம்பித்தான் பார்ப்பார்கள்.

அவள் எழுந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

மேனேஜர் பட்டனைத் தட்டினார். திரையில் பச்சை எழுத்து வந்தது: பத்தாயிரமும் சேர்ந்தது, நாலு செகண்டு.

ஜால்ரா எழுந்து நின்று கைதட்டினான். மற்றவர்களும் தட்டினார்கள், நேற்றுவரை அவளிடம் சந்தேகம் கேட்டு நின்ற வெட்கங்கெட்ட கூட்டம்.

"பார்த்தியா? பத்து வருஷமா உன் குப்பையைக் கட்டிக்கிட்டு அழுதோம். இனிமே உனக்கு இங்க என்ன வேலை?" என்றார் மேனேஜர்.

"ஒண்ணே ஒண்ணு சார். பத்தாயிரமும் டேட்டாபேஸ்ல போய்ச் சேர்ந்துடுச்சா?"

"கண்ணு தெரியலையா? அதான் போட்டிருக்கே! நானே கையெழுத்துப் போடறேன், போதுமா?" ஒப்புதல் தாளில் கிறுக்கி, அவள் முகத்துக்கு நேராக ஆட்டினார்.

அவள் பின்னாலிருந்த கையை முன்னால் நீட்டினாள். தூசி படிந்த நீல வயர் ஒன்று அதில் தொங்கியது.

"டேட்டாபேஸ் மெஷினோட வயரை நான் அப்பவே பிடுங்கிட்டேன் சார்."