நடுவில் இறங்காத விமானம்

"பொண்ணோட ஆசைதீரப் பேசணும் தம்பி. விமானத்துல எவ்வளவு நேரம் ஆகும்?" முகமெல்லாம் பூரிப்பாகக் கேட்டாள் அந்த அம்மாள்.

டிக்கெட் ஏஜென்ட் கணினியைத் தட்டினார். "பதிமூணாயிரம் கிலோமீட்டர். நேரா போனா பதினாறு மணி நேரம். கால் மரத்துடும்மா. நடுவுல ஒரு ஊர்ல இறங்கி ஏறுற மாதிரி போடவா?"

"வேண்டவே வேண்டாம். வெள்ளிக்கிழமை நேரா போற விமானம்தான் வேணும்."

"சரி, எத்தனை மாசம் தங்குவீங்க?"

"ஞாயித்துக்கிழமையே திரும்பிடுவேன்."

ஏஜென்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இவ்வளவு தூரம் போறீங்க, பொண்ணு வீட்டுல ஒரு வாரமாவது இருக்க வேண்டாமா?"

"அங்க அவளுக்கு ஏது வீடு? அந்த விமானத்துலதான் பணிப்பெண்ணா இருக்கா. வீட்டுக்கு வந்தா பத்து நிமிஷம் என் பக்கத்துல உக்கார மாட்டா. ஆகாசத்துல எங்க ஓடுவா, பாத்துடறேன்."