பன்னிரண்டு கட்டங்கள்

வாய் பேச வராத இசக்கிக்காகப் பள்ளிக்கு ஒரு டேப்லெட் வந்தது. படத்தைத் தொட்டால் அது பேசும். என்னென்ன படங்கள் என்று முடிவு செய்தது எப்சிபா டீச்சர்தான். வணக்கம் டீச்சர், தண்ணீர், பசிக்கிறது, பாத்ரூம், நன்றி டீச்சர் என்று மொத்தம் பன்னிரண்டு கட்டங்கள். 'வேண்டாம்' படத்தை மட்டும் அவள் சேர்க்கவில்லை. "அதைப் படிச்சிட்டான்னா அப்புறம் எதுக்கும் ஒத்துவர மாட்டா" என்று ஆயாவிடம் சொன்னாள்.

ஒரே வாரத்தில் பிள்ளை எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டாள். டீச்சருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆனால் அடுத்த வாரம், சாயங்காலம் வேன் ஹாரன் கேட்டாலே இசக்கி பாத்ரூம் படத்தைத் தொட ஆரம்பித்தாள். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனால் ஒன்றும் போக மாட்டாள். குழாயை இறுகப் பிடித்துக்கொள்வாள். விரல் விரலாகப் பிரித்துத்தான் கொண்டுவர வேண்டும். வாசலில் டிரைவர் சிரித்துக்கொண்டு நிற்பான். "மெதுவா வரட்டும் டீச்சர். கடைசியா எறங்குறது இவதான."

"ஏட்டி, தெனமும் இதே நாடகமா?" என்று ஐந்தாம் நாள் எப்சிபா அந்தப் படத்தை அழித்தாள். காலையில் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஹாரன் அடித்தது. இசக்கி வெறும் கட்டத்தைத் தொட்டாள். மறுபடியும் தொட்டாள். பிறகு மிச்சமிருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள். டேப்லெட் தண்ணீர் கேட்டது, பசிக்கிறது என்றது. டிரைவர் அவளைத் தூக்கி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினான். கண்ணாடிக்குள்ளிருந்து அந்தக் குரல் விடாமல் வந்தது.

"நன்றி டீச்சர். நன்றி டீச்சர். நன்றி டீச்சர்."

எப்சிபா பூரித்துப்போய்க் கையசைத்தாள்.