கட்டி யார் பக்கம்

டாக்டர் மலாயில் சொல்லச் சொல்ல, பவளம் அப்பாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அப்பா ஆண்டியப்பன் தேயிலைத் தோட்டத்தில் காலமெல்லாம் கங்காணியாக இருந்தவர். மலாய் அவருக்கு மீன்காரனிடம் பேரம் பேசுகிற அளவுக்குத்தான் வரும். குரோமோசோமுக்கெல்லாம் எட்டாது.

கட்டி பவளத்தின் கழுத்தில். புற்றுநோய்தான் என்று சொல்லியாகிவிட்டது. அடுத்த வாரம் ஈப்போவில் ஆபரேஷன்.

ஆனால் அவளை அரித்துக்கொண்டிருந்தது வேறு.

அவள் அம்மா காளியம்மாவும் கழுத்துக் கட்டியில்தான் போய்ச் சேர்ந்தாள். அன்றிலிருந்து அப்பாவுக்கு ஒரே பல்லவி, “அவ வம்சத்து சீக்கு” என்று. செத்தவளுக்கு ஒரு வருஷம்கூடப் படையல் போடவில்லை மனுஷன். மகளுக்கும் கட்டி வந்ததும் லயத்து வீடுகள் முழுக்க அதையே சொல்லித் திரிந்தார்.

தனக்கு ஏதாவது ஆகிவிட்டால், அடுத்து தன் மகள் சீதாவின் தலையில் அந்தப் பேரைக் கட்டிவிடுவார்கள். பவளத்தின் பயமெல்லாம் அதுதான்.

டாக்டர் சொன்னது இது. பெண்ணின் உடம்பில் ஒவ்வொரு செல்லிலும் எக்ஸ் குரோமோசோம் இரண்டு உண்டு. அப்பா தந்தது ஒன்று, அம்மா தந்தது ஒன்று. கருவில் இருக்கும்போதே ஒவ்வொரு செல்லிலும் அதில் ஏதாவது ஒன்று வாயடைத்துப் போகிறது; சிலதில் அப்பாவுடையது, சிலதில் அம்மாவுடையது. எழுபத்தொன்பதாம் வருஷத்தில் இதெல்லாம் புதுச் செய்தி. சொல்லும்போது டாக்டருக்கே கண் மின்னியது.

பவளம் கொஞ்சம் யோசித்தாள்.

“ஒரே காட்டுக்கு ரெண்டு கங்காணி இருந்தா வேலை நடக்குமாப்பா? அதான் ஒருத்தரு வாயை மூடிக்கிறாங்களாம். என் ஒடம்புல பாதி ஒங்க பேச்சைக் கேக்குது, பாதி அம்மா பேச்சைக் கேக்குது.”

இது அவருக்கு நன்றாகவே புரிந்தது. அப்படியானால் கட்டி யார் பேச்சைக் கேட்டதாம் என்று விடாமல் கேட்டார்.

அதையும் டாக்டர் கண்டுபிடித்து வைத்திருந்தார். ஆண்டியப்பன் ரத்தத்தில் பிறவியிலேயே ஒரு குறை. மலேரியா மாத்திரை தின்றால் சிறுநீர் கறுத்து ஆள் படுத்துவிடுவார். அந்தக் குறை அவர் மகளுக்குத் தந்த எக்ஸில் இருந்தது. கட்டியில் கிள்ளி எடுத்த துணுக்கில் எந்தச் செல்லைப் பார்த்தாலும் அதே குறைதான். அம்மா தந்தது அத்தனையிலும் ஊமையாகக் கிடந்தது.

முழுக்க அப்பா பக்கம்தான் என்று பவளம் சொன்னாள்.

ஆண்டியப்பன் எழுந்து நின்றுவிட்டார்.

தோட்டத்து வழக்கம் அப்படி. கூடையில் முற்றின இலை கிடந்தால், பறித்தவளைத் துரை கூப்பிட மாட்டார். கங்காணியைத்தான் கூப்பிடுவார். அவர் வாயைத் திறக்காமல் திட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். இப்போதும் அப்படித்தான் கையைக் கட்டிக்கொண்டு டாக்டர் முன்னால் நின்றார். டாக்டர் பதறிப்போய் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

வெளியே, ரிங்லெட் பக்கம் போகிற லோரிக்குக் காத்திருந்தபோது, அவர் மகளின் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

“ஒங்கம்மாவ வாயிக்கு வந்தபடி பேசிட்டேன்லா. நாளைக்கே படையல் போடணும். லயத்துல எல்லாரையும் கூப்பிட்டு நானே சொல்றேன், அவ மேல குத்தமில்லேன்னு. அவளுக்கு என்னாம்மா பிடிக்கும்?”

இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவருக்கு அதுகூடத் தெரியவில்லை. கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் பவளத்துக்கு அழுகைதான் வந்தது. நெத்திலிச் சம்பல் என்று மட்டும் சொன்னாள்.

டாக்டர் கடைசியாகச் சொன்ன ஒன்றை அவள் தமிழில் சொல்லவே இல்லை. எந்தப் பக்கம் பேசியது என்பதால் கட்டி வருவதில்லை. அது ஒரே ஒரு செல்லில் தொடங்கிப் பெருகியது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. அந்தச் செல் அம்மா பக்கமாகவும் இருந்திருக்கலாம். உன் அப்பாவிடம் சொல், இதில் அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

ஆபரேஷன் முடிந்து எழுந்து வந்தால் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.