மூன்று அங்குலம்

வெண்டல் ஹிக்ஸ் ரிவால்வரைக் கவுண்டரின் ரப்பர் விரிப்பில் வைத்தார். உருளையைத் திறந்து, ஆறு துளைகளும் காலி என்று காட்டிவிட்டு, பிடியை என் பக்கம் திருப்பினார்.

"இதை வித்துடலாம்னு வந்தேன் தம்பி."

நான் குழலைத்தான் பார்த்தேன். மூன்று அங்குலம்.

இந்தத் துப்பாக்கிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு அப்படி ஒன்று வேண்டும். இரண்டு அங்குலக் குழல் கோட்டுப் பைக்குள் அடங்கிவிடும், ஆனால் சுடும்போது மணிக்கட்டைப் பிடுங்கும், குறியும் நிற்காது. நான்கு அங்குலத்தில் குறி நிற்கும், ஆனால் இடுப்பில் செருகிக்கொண்டு வண்டி ஓட்டினால் விலாவில் குத்தும். மூன்றில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

கிடைப்பதும் இல்லை. தொழிற்சாலைக்காரர்கள் எப்போதாவது கொஞ்சம் செய்வார்கள். எங்கள் மேற்கு வர்ஜீனியா மலைக்கு வந்து சேருவதற்குள் தீர்ந்துவிடும். கேட்டு வருபவர்களிடம் இல்லை என்று சொல்வதுதான் என் வேலையில் பாதி.

வெண்டலும் அப்படிக் கேட்டுக் கேட்டு நடந்தவர்தான். ஒரே ஒன்று வந்தபோது முதலாளி ராய்ஸ் அவருக்குத்தான் போன் செய்தார்.

இப்போது ராய்ஸ் கடையில் இல்லை. மான் வேட்டைக்காலம் தொடங்கப்போவதால் சரக்கு எடுக்கப் போயிருந்தார். விற்க வருவதை வாங்கிச் சீட்டு எழுத எனக்கு அனுமதி உண்டு. மாலைக் கல்லூரிக்குக் கட்டியது போக என்னிடம் கொஞ்சம் பணம் இருந்தது.

ஆனால் எங்கள் கடையில் ஒரு வழக்கம். ஆசைப்பட்டு வாங்கியதை ஒருவர் விற்க வந்தால், ஒருமுறையாவது தடுத்துப் பார்க்க வேண்டும். அடுத்த வாரமே திரும்பி வந்து, "இருக்கா, போயிடுச்சா" என்று முகம் வாடி நின்றவர்களை ராய்ஸ் நிறையப் பார்த்திருக்கிறார்.

காப்பி இயந்திரத்தின் அருகில் உட்கார்ந்திருந்த டெல்பர்ட் அதற்குள் எழுந்து வந்துவிட்டார். சுரங்கத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் இங்கேதான்.

"டேய் வெண்டல், மூளை கழண்டுடுச்சா? வாயில இருக்கற பல்லை வித்தாக்கூட வேற செட்டு கட்டிக்கலாம். இது போனா எங்கடா போவே?"

வெண்டல் சிரித்தார். கொஞ்சம் தாமதமாக.

"கை நடுங்குதுப்பா. சின்னவங்க யாராச்சும் வச்சுக்கட்டும்."

"நடுங்கட்டுமே. நீ என்ன சர்க்கஸ்லயா சுடப்போறே?"

வெண்டல் ஒரு துணிப்பையை எடுத்து வைத்தார். தோல் உறை, துடைக்கும் குச்சி, உதிரித் தோட்டாக்கள் நிரம்பிய ஒரு காப்பி டப்பா.

"இதையும் எடுத்துக்கோ. வீட்ல ஒண்ணுகூட வேணாம்."

உதிரித் தோட்டாக்களை நாங்கள் எடுப்பதில்லை. அதைப் பணிவாகச் சொல்லி டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ சொல்லு தம்பி. வாங்கிக்கறியா?"

வாங்கிக்கொள்கிறேன் என்ற சொல் நாக்கு நுனியில் இருந்தது. அதனாலேயே அதன்மேல் சந்தேகம் வந்தது. இது அவருக்காகச் சொல்வதா, எனக்காகவா? எனக்காகத்தான். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"இன்னிக்கு வித்தீங்கன்னா இன்னொண்ணு கிடைக்காது சார். ஒரு வாரம் வச்சிருந்து பாருங்க. அப்பவும் மனசு மாறலேன்னா கொண்டு வாங்க, நானே எடுத்துக்கறேன்."

"ஒரு வாரமா" என்றார் அவர்.

அப்புறமும் நகரவில்லை. வேறு யாராவது வேறு ஏதாவது சொல்வார்களா என்பதுபோல் நின்றார். நாங்கள் இருவரும் அவரைப் பார்த்து அன்பாகச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அவர் உருளையை மூடினார். ரிவால்வரை உறையில் போட்டார். டெல்பர்ட் அவர் தோளில் கை போட்டு, பையைத் தானே சுமந்துபோய் வண்டியின் முன்சீட்டில் வைத்துவிட்டு வந்தார்.

"நீயே அமுக்கிக்குவேன்னு நெனச்சேன்டா. பரவால்ல, நல்ல பையன்தான்" என்றார் என்னிடம்.

என்னைப் பற்றி எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

டெல்பர்ட் இன்னொரு காப்பி ஊற்றிக் குடித்து முடித்தபோது தொலைபேசி அடித்தது.

"நான் டார்லா, வெண்டல் ஹிக்ஸோட பொண்ணு. ஒஹையோலேர்ந்து பேசறேன். அப்பா அங்க வந்தாரா?"

"வந்தாங்க" என்றேன்.

மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு கேட்டது. சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை.

"அப்பாடா. அது வீட்ல இருக்கற வரைக்கும் ராத்திரியில என்னை நானே நம்ப முடியலேன்னு அவர் வாயாலயே சொன்னாருங்க. ஒரு மாசமா கெஞ்சிக்கிட்டிருக்கேன். இன்னிக்குக் காலையிலதான் சரி, கடையில குடுத்துடறேன்னாரு. இப்ப போன் எடுக்கல, வண்டி ஓட்டிக்கிட்டிருப்பாரு. ரொம்ப நன்றிங்க, ரொம்ப நன்றி. அவ்வளவு ஆசையா வச்சிருந்தாரு அதை. யாராச்சும் நல்லவங்களாப் பாத்துக் குடுங்க."

வெளியே தூறிக்கொண்டிருந்தது. அவர் வண்டி நின்ற இடம் மட்டும் கொஞ்ச நேரம் காய்ந்த கட்டமாகத் தெரிந்திருக்கும். இப்போது அதுவும் நனைந்து, எந்த இடம் என்று தெரியாமல் போயிருந்தது.